வோல்ற்றேச் குறையவில்லை

1

உரும்பிராயிலிருந்து ராணி எழுதிய கடிதம் போன புதன்கிழமை வந்தது. ராணி என்னோடு கொன்வென்ரில் படித்தவள். இப்போது அங்கே ஒரு பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறாள். வெங்காய விலை, மழை, தன் மூத்த மகனின் சோதனை எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரிகளில் இப்படிச் சொல்லியிருந்தாள்: "அச்சுவேலியில் உன்ரை அண்ணையின்ரை கொம்பியூட்டர் வோல்ற்றேச் குறைஞ்சு நிண்டுபோனதை இஞ்சை சனம் இப்பவும் கதைக்குது. பாவம் மனுசன், எவ்வளவு கஷ்ரப்பட்டுச் செய்தவர்."

வேலைக்குப் போகும் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி அதை வாசித்தேன். இறங்க வேண்டிய இடம் கடந்து இரண்டு நிலையங்கள் போய்விட்டன. அன்று அலுவலகத்துக்குப் பிந்திப் போய் மேற்பார்வைக்காரியிடம் ஏச்சு வாங்கினேன்.

லண்டனிலிருந்து எழுதுபவர்கள் குளிரைப் பற்றியும் தினம் தின்னும் பாணைப் பற்றியும் எழுதுவார்கள். எனக்கு அதற்கு நேரமில்லை. போன ஆவணியில் அச்சுவேலிச் சனசமூக நிலையத்தில் கூடியிருந்தவர்களுக்கும், அதை இந்தப் பத்திரிகையில் வாசித்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அன்று மின்சாரத்தின் வோல்ற்றேச் குறையவில்லை. இயந்திரம் பழுதாகவும் இல்லை. அதை நிறுத்தியது நான்.

அண்ணையின் பெயரை இதில் எழுதமாட்டேன். என் படங்களுக்குக் கீழே என் பெயரை எழுதாதவருக்கு நானும் பெயர் போடப் போவதில்லை.

2

நாங்கள் குருநகர். எங்கள் தகப்பனார் அப்புவுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தது. ஆழமில்லாத கடலில் வரிசை வரிசையாகத் தடிகள் நட்டு வலை வளைத்துக் கட்டி, உள்ளே வரும் மீனைப் பிடிப்பார்கள். அண்ணை வள்ளத்தில் ஏறினால் தலை சுற்றிச் சத்தி எடுப்பார். அதனால் பத்து வயது வரை அப்புவோடு போய்வந்தது நான்தான். வள்ளம் நகர நகர, தூரத்துத் தடிகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மறையும். பிறகு விசிறி விரித்ததுபோல விலகும். மீனைவிட எனக்கு அதுதான் வேடிக்கை.

படிப்பில் நான் அண்ணைக்கு இரண்டு வகுப்புக் கீழே. அவருடைய விலங்கியல் செய்முறைக் கொப்பியில் தவளையின் குடலும், கரப்பானின் வாயுறுப்புகளும் நான் கீறியவை. அந்தக் கொப்பிக்கு அவருக்குப் பரிசு கிடைத்தது. நான் பத்தாம் வகுப்பை முடித்தபோது, இரண்டு பேரையும் படிப்பிக்க அப்புவால் முடியவில்லை. அண்ணை படித்தார். கொழும்புக்குப் போனார். அங்கிருந்து லண்டனுக்குப் போனார். நான் தட்டச்சுப் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கலியாணம் முடித்து நானும் லண்டனுக்கு வந்தேன். என் கணவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் அண்ணைதான். இதை அண்ணையும் மறந்ததில்லை, என் கணவரும் மறந்ததில்லை.

3

ஒரு காப்புறுதிக் கொம்பனியில் எனக்கு வேலை கிடைத்தது. மட்டைகளில் துளை போடுவது. ஆட்களின் பெயர், வயது, தொகை எல்லாவற்றையும் நாங்கள் துளைகளாக மாற்றுவோம். மாடியில் இருக்கும் கொம்பியூட்டர் அவற்றை வாசிக்கும். ஐந்து வருடம் துளை போட்ட பிறகும் கொம்பியூட்டர் இருந்த அறைக்குள் ஒரு நாளும் விடவில்லை.

ஒரு நாள் வாசிகசாலைச் சுவரில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஓவியம் கீறுபவர்களுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு. பதிவு செய்யப் போனால், மேசையில் இருந்தவர் நான் தவறான வரிசையில் நிற்பதாகச் சொல்லி, கூட்டித் துடைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் யன்னலைக் காட்டினார். மூன்று படிவம், இரண்டு கடிதம், கடவுச்சீட்டின் பிரதி எல்லாம் கொடுத்த பிறகுதான் என்னைச் சேர்த்தார்கள்.

முதல் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் வந்து, "உங்கள் ஒரிஜின் எங்கே?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று, "யாழ்ப்பாணம், குருநகர்" என்றேன். வகுப்பே சிரித்தது. தாளில் கோடு தொடங்கும் பூச்சியப் புள்ளிக்கு அந்தப் பெயராம். ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அங்கிருந்தே தொடங்குங்கள்" என்றார்.

அந்த இயந்திரத்துக்குப் படம் என்றால் என்னவென்று தெரியாது. பேனையை வை, இங்கிருந்து அங்கே போ, பேனையைத் தூக்கு: இவ்வளவுதான் அதற்கு விளங்கும். ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு, இதையே நூறு தரம் செய், ஒவ்வொரு தரமும் சற்றுத் தள்ளிச் செய் என்றால் அலுக்காமல் செய்யும். மட்டைகளை இந்தச் செவ்வாய் கொடுத்தால் படம் அடுத்த செவ்வாய்தான் வரும். முதல் தரம் பேனையைத் தூக்கச் சொல்ல மறந்துவிட்டேன். தாள் முழுக்க ஒரே கிறுக்கல். ஒரு கிழமை காத்திருந்தது அதற்கு.

இரண்டாம் வருடம் அப்புவின் தடிகளைக் கீறத் தொடங்கினேன். வரிசைகள் சரியாக வந்தன. ஆனால் சவக்காலைச் சிலுவைகள் மாதிரிச் செத்து நின்றன. பல கிழமைகளுக்குப் பிறகுதான் பிழை விளங்கியது. கடலில் எந்தத் தடியும் நேராக நிற்பதில்லை. நீரோட்டம் ஒவ்வொன்றையும் தன் விருப்பத்துக்குச் சரித்துவிடும். எவ்வளவு சரிப்பது என்பதைக் குத்துமதிப்பாக நீயே தீர்மானி என்று ஒரு வரி சேர்த்தேன். அடுத்த செவ்வாய் படத்தை விரித்தபோது, தாளில் ஒரு துளி நீலம்கூட இல்லாமல் தண்ணீர் தெரிந்தது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த அண்ணை படங்களைப் பார்த்தார். "நல்லாயிருக்கு. கந்தோரிலை ரெண்டு பேருக்குக் காட்டிப்போட்டுத் தாறன்" என்று சொல்லிப் பதினொரு படங்களையும் சுருட்டிக்கொண்டு போனார். அவர் கொம்பியூட்டர் விற்கும் ஒரு கொம்பனியில் விற்பனைப் பிரிவில் இருந்தார். விற்கத் தெரியுமே தவிர, அதில் ஒரு வரி எழுதத் தெரியாது.

நான்கு மாதம் கழித்துத் தமிழர் சங்க விழாவுக்குப் போனோம். மண்டபத்தின் ஒரு சுவர் முழுக்க என் படங்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு. ஒவ்வொன்றின் கீழும் அண்ணையின் பெயர். பொன்னாடை போர்த்தினார்கள். கைதட்டினார்கள். என் கணவரும் தட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

வெளியே கார் நிறுத்தும் இடத்தில் கேட்டேன்.

"அண்ணை, உதெல்லாம் என்ரை படமெல்லே?"

"குடும்பத்துக்குள்ளை என்ன பிள்ளை என்ரை, உன்ரை? ஆர் கீறினாலும் எங்கடை பேர்தானே."

"எங்கடை பேர் இல்லை. உங்கடை பேர்தான் கிடக்குது."

"மட்டை குத்திற பொம்பிளை ஒருத்தி கொம்பியூட்டரிலை கீறினவள் எண்டால் ஆர் நம்புவினம்? நான் சொன்னபடியால்தான் நிண்டு பாத்தவை."

வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "விடும் பிலோ. அவர் இல்லாட்டி நாங்கள் இஞ்சை இல்லை" என்றார். அதையும் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமற்போனது அடுத்த மாதம் நடந்தது. என் மகள் அனிற்றாவுக்கு அப்போது ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் அவள் எழுதிய கட்டுரைக்கு ஆசிரியை தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தார். தலைப்பு, 'என் மாமா ஓர் ஓவியர்'. மாமாவின் படங்களில் மழையில் நனைந்த பென்சில்கள் போலக் கோடுகள் இருக்கும், அவற்றைப் பார்த்தால் எனக்கு ஏனோ கால் ஈரமாவது போல் இருக்கும் என்று எழுதியிருந்தாள். கடைசி வரி: 'என் அம்மா ஒரு கந்தோரில் துளை போடுகிறார்.'

அந்தக் கொப்பியை மூடி வைத்தபோதே, இந்த மனிதருக்கு ஒரு நாள் திருப்பிக் கொடுப்பேன் என்று முடிவெடுத்துவிட்டேன்.

5

சந்தர்ப்பத்தை அவரே கொண்டுவந்து தந்தார். தொலைக்காட்சிப் பெட்டியோடு பொருத்துகிற சின்னக் கொம்பியூட்டர்கள் அப்போதுதான் கடைக்கு வந்திருந்தன. ஒன்றை வாங்கி வந்து என் குசினியில் சமைக்கிற மேசையில் வைத்தார்.

"ஆவணியிலை ஊருக்குப் போறன். அச்சுவேலியிலை ஒரு காட்சி வைக்கவேணும். படம் சும்மா நிக்காமல், சனம் பொத்தானைத் தட்டினால் அசையிற மாதிரி ஒண்டு எழுதித் தா பாப்பம்."

அச்சுவேலி அவர் பெண் எடுத்த ஊர். மாமனாருக்குப் புகையிலைத் தோட்டம், இரண்டு கல்வீடு. மீன்பிடிக்கிற கரையூரில், அதாவது எங்கள் குருநகரில், பிறந்த பையன் ஒருவனை மகள் விரும்பி முடித்ததை அந்த மனிதர் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவருக்கு முன்னால் ஒரு நாள் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்பது அண்ணையின் ஆசை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் "ஓம், எழுதித் தாறன்" என்றேன்.

வேலையால் வந்து, சமைத்து, மகளைக் குளிக்க வார்த்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அந்த மேசையில் இருந்தேன். நான்கு பொத்தான்கள். இடது பொத்தானைத் தட்டினால் வள்ளம் இடப்பக்கம் நகரும்; தடிகள் ஒன்றையொன்று மறைத்து, விலகி, திரும்பச் சேரும். பார்ப்பவர் வெளியே நிற்கமாட்டார், வள்ளத்துக்குள் இருப்பார். நான் செய்தவற்றில் அதுதான் சிறந்தது. பழிவாங்குவதற்காக என்றாலும் அதில் ஒரு கோடும் குறை வைக்கவில்லை.

பிறகு என் வேலையைச் சேர்த்தேன். நாற்பதாவது தட்டலில் படம் நின்றுவிடும். இயந்திரத்துக்கு எழுதும் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. திரையில் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி வரும்: 'தடிகளைச் சரிப்பது எத்தனையாம் வரி? எழுதியவருக்குத் தெரியும்.' சரியான எண்ணைத் தட்டினால் வள்ளம் திரும்ப ஓடும். அநியாயமான கேள்வி என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு கிழமை படித்த பிள்ளைகூட இரண்டு பொத்தானில் முழு எழுத்தையும் திரைக்குக் கொண்டுவந்து விடையைப் பார்த்துவிடும். அண்ணை எடுத்துக்கொண்டு போக வந்த அன்று ஏழெட்டுத் தரம் தட்டிப் பார்த்தார். "அந்தமாதிரி" என்றார். நான் எழுதியதைப் பதிந்திருந்த கசெற்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நானும் மகளோடு லீவு எடுத்துக்கொண்டு அதே விமானத்தில் போனேன். பார்க்க வேண்டும் என்று இருந்தது.

6

கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டச்சு இயந்திரமா, தொலைக்காட்சியா என்று கேட்டார். இரண்டுக்கும் தனித்தனிப் படிவம். கொம்பியூட்டருக்குப் படிவம் இல்லை. படிவம் இல்லாத பொருளை நாட்டுக்குள் விட முடியாது. கசெற்றைப் போட்டுக் கேட்டார். கீச்சென்ற சத்தம் காதைக் கிழித்தது. "இது என்ன பாட்டு?" என்றார். "இது பாட்டில்லை சேர், படம்" என்றேன் நான். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தட்டச்சு இயந்திரம் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அச்சுவேலியில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அண்ணையின் மாமனாரும் ஊர்ப் பெரியவர்களும் கதிரைகளில் இருந்தார்கள். குருநகரிலிருந்து பஸ் ஏறி வந்த அப்பு, கடைசியில் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். யாரும் அவருக்குக் கதிரை போடவில்லை. அண்ணையும் போடவில்லை.

அண்ணை மைக்கைப் பிடித்தார். "இது நான் மூண்டு வரியமாய் ஆராய்ச்சி செய்து கண்டுபிடிச்சது" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசினார். பிறகு ஒவ்வொருவராக வந்து தட்டினார்கள். தடிகள் அசைந்தபோது சனம் 'ஆ' என்றது. மாமனார் எழுந்து வந்து, ஒரு விரலால் மிடுக்காகத் தட்டிக்கொண்டிருக்கும்போது படம் நின்றது.

"மருமோன், இது என்னவோ கேக்குது."

ஓய்வுபெற்ற ஓர் ஆங்கில வாத்தியார் எழுந்து கேள்வியை உரக்க வாசித்துத் தமிழிலும் சொன்னார். அண்ணையின் முகம் வெளுத்தது. பத்து என்று தட்டினார். நூறு என்று தட்டினார். இயந்திரம் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டது. மின்சாரத்தை நிறுத்திக் கசெற்றைத் திரும்பப் போட்டார். கீச்சுச் சத்தம் நான்கு நிமிடம். சிறுவர்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். படம் வந்தது. நாற்பதாவது தட்டலில் திரும்பவும் நின்றது.

"வோல்ற்றேச் காணாது" என்றார் அண்ணை. "வோல்ற்றேச் குறைஞ்சால் உது இப்பிடித்தான் உளறும்."

என் இரண்டாவது வரிசைக் கதிரையில் இருந்து அதைப் பார்த்தேன். அவருடைய சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது. எவ்வளவு இனித்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. நான் மட்டை குத்திய வருடங்களும், பதினொரு படமும், மகளின் தங்க நட்சத்திரமும் அந்த முதுகில் வழிந்தன.

அப்போது, தன் கதிரைக்குத் திரும்பியிருந்த மாமனார் பக்கத்துக் கதிரைக்காரருக்குச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கதவுவரை கேட்டது; முன்வரிசைகள் எல்லாம் சிரித்தன. "கரையிலை வலை இழுத்ததுகளுக்கு உந்த வேலை எல்லாம் ஏன்?"

திரும்பிப் பார்த்தேன். கதவோரத்தில் அப்பு குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அண்ணைக்கு வைத்த அடி அங்கே போய் விழுந்திருந்தது. என் ஆத்திரம் அப்படியே இருந்தது. ஆள் மட்டும் மாறிவிட்டது. எழுந்து மேசைக்குப் போய் 370 என்று தட்டினேன். தடிகள் அசைந்தன. மாமனார் பக்கம் குனிந்து சொன்னேன்:

"மாமா, இதைக் கீறினது கரையிலை வலை இழுத்தவரின்ரை மகள்தான். உங்கடை மருமோன் இல்லை, நான்."

அவருக்குக் கேட்டது. கண் இமைக்காமல் என்னைப் பார்த்தார். நிமிர்ந்து சனத்துக்கும் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மைக் அண்ணையின் கையில் இருந்தது.

"கரண்ட் சரி வந்திட்டுது!" என்று அவர் கத்தினார். மண்டபம் எழுந்து கைதட்டியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாமனார் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை என்பது ராணியின் கடிதத்தில் இருந்து தெரிகிறது. சொன்னால் அவருக்கும் வெட்கம்தானே.

7

திரும்பிப் போகும் பஸ்ஸில் அப்பு யன்னல் பக்கம் இருந்தார். கோப்பாய் தாண்டியதும் கேட்டார்.

"நீதானே கீறினது?"

"ஓம் அப்பு. எப்பிடித் தெரியும்?"

"அவன் எப்ப வள்ளத்திலை வந்தவன்?" என்றார். பிறகு, "தெற்குப் பக்கம் கடைசி வரிசையை மாறி நட்டிருக்கிறாய். அந்த இடைவெளியாலை மீன் எல்லாம் போயிடும்" என்றார்.

எனக்குக் கிடைத்த விமர்சனம் அது ஒன்றுதான். லண்டனுக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு கொம்பியூட்டரை வாங்கி, என் பிரதியில் அந்த வரிசையைத் திருத்தினேன்.

அனிற்றா இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து முறுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் கதை அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் திரையில் இருந்த ஆங்கிலத்தை வாத்தியாருக்கு முன்னமே வாசித்தவள் அவள்தான். "அம்மா, எழுதியவருக்குத் தெரியும் என்று போட்டிருந்தது. உங்களுக்குத் தெரிந்திருந்தது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அடுத்த கிழமையே தனக்கும் படிப்பிக்கச் சொல்லிக் கேட்டாள். இந்த ஒரு வருடத்தில் தமிழில் அவள் கற்றது கொஞ்சம். கொம்பியூட்டரில் கற்றது நிறைய.

8

ஒரு வருடமாக அண்ணை என்னோடு கதைக்கவில்லை. ராணியின் கடிதம் வந்த அதே கிழமை, சனிக்கிழமை பின்னேரம் கொம்பியூட்டரையும் கசெற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த மாதம் லண்டனில் ஒரு பெரிய மண்டபத்தில் காட்சியாம். வெள்ளைக்காரரும் வருவார்களாம்.

"நடந்தது நடந்துபோச்சு பிலோ. அந்த நம்பரைச் சொல்லு."

"அச்சுவேலியிலை நான் தட்டேக்கை நீங்கள் பக்கத்திலைதானே நிண்டனீங்கள்."

"ஆர் பாத்தது அப்ப?"

"அப்ப வகுப்புக்குப் போய்ப் படியுங்கோ. செவ்வாய்க்கிழமையிலை நடக்குது. படிவம் நிரப்பவேணும்."

என் கணவர் குசினி வாசலில் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். சொல்வதில்லை என்று உறுதியாக இருந்தேன். அவர் கெஞ்சினால் இன்னும் நல்லாயிருக்கும் என்றுகூட நினைத்தேன்.

ஆனால் என் மகள் எனக்கு முந்திவிட்டாள். "மாமா, அது ஒன்றும் கஷ்டமில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லியபடி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கசெற் கீச்சிட்டு முடிந்ததும் இரண்டு பொத்தானைத் தட்டினாள். என் முழு எழுத்தும், வரி வரியாகத் திரையில் ஏறத் தொடங்கியது. ஒரு வருடம் நான் பூட்டி வைத்ததை அந்தப் பிள்ளை அவ்வளவு சுலபமாகத் திறந்துவிட்டது.

அண்ணை குனிந்து வாசித்தார். பத்து வரிக்கு ஒரு வரி, இயந்திரம் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகிற குறிப்பு வரி; எழுதுபவர்கள் தங்களுக்காக எழுதி வைப்பது. அத்தனையிலும் ஒரே வாசகம். இதை எழுதியவர் பிலோமினா. இதை எழுதியவர் பிலோமினா. திரை ஓடி முடிய வெகுநேரம் எடுத்தது. கீழே போகப் போக அவருடைய உதடுகள் மட்டும் அசைந்தன.

கடைசியில் அனிற்றாவிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்த வரிகளை எப்படி அழிக்கிறது?"

அவள் திரும்பி அவரை நேரே பார்த்தாள். பொய்யாக ஒன்றும் கேட்கவில்லை; உண்மையாகவே விளங்காமல்தான் கேட்டாள்.

"ஏன் மாமா அழிக்கவேணும்?"

அதை அவள் தமிழில் கேட்டாள்.

அண்ணை எழுந்து மேல்கோட்டைப் போட்டுக்கொண்டார். கொம்பியூட்டரை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். தேத்தண்ணி குடிக்கவில்லை. நான் மறிக்கவும் இல்லை.